புள்ளிகளுக்கு மரியாதை

விமானங்களுக்கு வழி சொல்லும் வேலைக்கான திறனறித் தேர்வுக்கு ஓசூரில் ஒரு மாடியறையில் பயிற்சி எடுத்தபோது, அவள் எனக்குப் பக்கத்துக் கணினியில் இருந்தாள். தேன்கனிக்கோட்டைப் பெண். இறுக்கிப் பின்னிய சடை, காலில் கம்பெனி வேலைக்குப் போடும் ஷூ. திரையில் நகரும் புள்ளிகள்தான் விமானங்கள். அவை மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளோ அவற்றோடு வாய்விட்டுப் பேசுவாள்.

"அண்ணா, நீங்க கொஞ்சம் நில்லுங்க. அக்கா, நீங்க மொதல்ல எறங்குங்க." பெங்களூரு விமானம் என்றால் கன்னடத்தில் கெஞ்சுவாள்.

"மனசுக்குள்ள பேசும்மா, தேர்வுல வெளிய அனுப்பிடுவாங்க" என்று பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்வார்.

பெங்களூரில் தேர்வன்று முழுநேரமும் கைக்குட்டையைக் கடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். திரும்பும் பஸ்ஸில், எப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"ரெண்டு மோதிக்கிச்சுங்க."

எனக்கும் ஒரு ஜோடி மோதியிருந்தது. அதையே நினைத்துக்கொண்டிருந்து மீதியையும் கோட்டைவிட்டிருந்தேன்.

"அப்புறம் என்ன பண்ணினே?"

"மீதிப் பேரு மேலயே சுத்திக்கிட்டு இருக்காங்களே! அழுவறதை அப்புறம் பார்த்துக்கலாம்னு அவங்களை எல்லாம் பத்திரமா எறக்கிட்டேன்."

அத்திப்பள்ளி தாண்டியதும் ஓவென்று அழத் தொடங்கினாள். கன்னடக் கண்டக்டர் என்ன ஆச்சோ என்று பதறிப்போய் ஓடி வந்தார்.

"ஏனாயித்தம்மா?"

"ரெண்டு விமானம் மோதிக்கிச்சுண்ணா!"

பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் செல்போனை எடுத்துச் செய்தி தேடினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளுக்கு வேலை கிடைத்ததா, தெரியாது. ஆனால் அவ்வளவு அழுகையை அத்தனை நேரம் எங்கே நிறுத்தி வைத்திருந்தாள் என்று இன்றும் யோசிக்கிறேன்.