பதினோரு மணிக்குக் கறுத்துப்போகும் கேமரா

காரைக்குடியைச் சுற்றி இருபத்தாறு வருஷமாகக் கேமரா மாட்டிக்கொண்டிருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைக் கேட்டால் முதலில் சொல்வது இந்தச் சமாசாரத்தைத்தான். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீடு. இரண்டு பங்காளிகளுக்குப் பொது. பெரியவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், அவருடைய சித்தப்பா மகன் சென்னையில். வீட்டைப் பார்த்துக்கொள்வது கருப்பையா அண்ணன் ஒருவர்தான். பெரியவர் முகப்பிலும், முற்றத்தைச் சுற்றி அறைகள் இருக்கும் வளவிலும் கேமரா மாட்டினார். ஒருவர் வாங்கியதை இன்னொருவர் நம்பிவிட்டால் அவர்கள் பங்காளிகளா? ஆறு மாதம் கழித்துச் சென்னைக்காரர் வேறு கம்பெனிக் கேமராவை வாங்கிப் பின்கட்டில் மாட்டினார். சாப்ட்வேரும் வேறு. ஆனால் இரண்டும் ஓடியது ஒரே கம்ப்யூட்டரில். செலவை மிச்சம் பிடிப்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

அதற்கப்புறம் பெரியவரின் கேமராக்கள் தினமும் காலை பதினோரு மணிக்குக் கறுத்துப்போயின. முக்கால் மணி நேரம் கழித்துத் தானாகத் திரும்பி வரும். அந்த நேரத்தில்தான் கருப்பையா அண்ணன் வளவு அறைகளைத் திறந்து காற்றாட விடுவார். உள்ளே பித்தளைச் சாமான், பீங்கான், தேக்குப் பெட்டி. பெரியவர் போனில் என்னிடம் சொன்னார்: "நீங்க கேமராவ மட்டும் சரிபண்ணிக் குடுங்க. ஆள இந்த மாசத்தோட மாத்தப் போறோம்."

முதல் நாள் கேபிளை மாற்றினேன், நெட்வொர்க் சுவிட்சை மாற்றினேன். இரண்டு கேமராவுக்கு ஒரே ஐ.பி. முகவரி விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன்; எல்லாம் சரி. மறுநாள் பதினோரு மணிக்குத் திரை மறுபடி கறுப்பு. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் கருப்பையா அண்ணன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரைத் தொட்டீர்களா என்று கேட்டேன்.

"ஒட்டடை அடிக்கையில கூட அங்குட்டுப் போறதில்ல தம்பி" என்றார்.

மூன்றாம் நாள் அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டேன். அவர் போய்த் தெருவில் நின்றார். வீட்டுக்குள் என்னைத் தவிர யாரும் இல்லை. பதினோரு மணிக்குக் கேமரா கறுத்தது.

எனக்குச் சுருக்கென்றது. முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். அந்த நிமிஷத்தில் கம்ப்யூட்டரில் புதிதாக எது ஓட ஆரம்பித்தது என்று பார்த்தேன். சென்னைக்காரருடைய சாப்ட்வேர். பின்கட்டு வழியாக எதுவும் வெளியே போகிறதா என்று பார்க்க, அறைகள் திறந்திருக்கும் முக்கால் மணி நேரத்தை மட்டும் பதிவு செய்யும்படி அவர் டைமர் வைத்திருந்தார். அது ஆரம்பித்ததும், கேமராப் படம் உள்ளே வரும் நெட்வொர்க் கார்டில் தன் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் சின்ன புரோகிராமை, ஏற்றும்; நேரம் முடிந்ததும் இறக்கிவிடும். அதே கார்டில் பெரியவர் சாப்ட்வேரின் டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. வருகிற படத்தையெல்லாம் புது டிரைவர் வாங்கி, தன் கேமராவினுடையது இல்லையென்றால் தள்ளிவிடும். கருப்பையா அண்ணனைக் கண்காணிக்க ஒரு பங்காளி வைத்த ஏற்பாடு, இன்னொரு பங்காளியின் கண்ணைக் கட்டிவிட்டது.

இரண்டு டிரைவரையும் நீக்கினேன். இன்னொரு நெட்வொர்க் கார்டு போட்டு, ஆளுக்கொரு கார்டு என்று ஒதுக்கி டிரைவர்களை மறுபடி ஏற்றினேன். வீட்டைப் பாகம் பிரிக்காதவர்களுக்கு நெட்வொர்க்கைப் பாகம் பிரித்துக் கொடுத்தவன் நான்தான்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பெரியவரைப் போனில் வைத்துக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தேன். அவரும் அங்கே பார்த்துக்கொண்டிருந்தார். படம் தெளிவாக நின்றது. கருப்பையா அண்ணன் வந்தார். அறையைத் திறக்கும் முன் கேமராவை நிமிர்ந்து பார்த்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். உள்ளே போய்ச் சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்தார். நின்று, மறுபடி விரித்தார்.

"என்ன செய்யிறான்?" என்றார் பெரியவர். நான் போனோடு வளவுக்குப் போய்க் கேட்டேன்.

கருப்பையா அண்ணன் கையை இறக்காமலே சொன்னார்: "சந்தேகப்படுறாகன்னு தெரிஞ்ச நாள்லருந்து இப்படிக் காட்டிட்டுத்தான் போறேன் தம்பி. அவுக பாத்துக்கிட்டு இருக்காகன்னு நினச்சேன்."

போனில் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "அவரக் கையக் கீழ போடச் சொல்லுங்க."

பழுது தினமும் ஒரே நேரத்தில் வந்தால், அந்த நேரத்தில் எந்த சாப்ட்வேர் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். நான் ஆளைப் பார்த்தேன். கருப்பையா அண்ணன் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். என்னைக் கண்டால் "சாப்பிட்டீகளா தம்பி" என்றுதான் முதலில் கேட்கிறார். எனக்குத்தான் அவர் முகத்தை நேராகப் பார்க்க இன்னும் கூச்சமாக இருக்கிறது.