தந்திக் கம்பத்துக்கு ஒரு வணக்கம்

எங்கள் மாமாவைப் போல் ஒரு வீரரை மலாயாவின் பாடாங் மேஹா ரப்பர்த் தோட்டம் பார்த்ததில்லை என்று ஒரு காலத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயமே பேசியது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்ட பெருமை என்னுடையது. எனக்கு அப்போது எட்டு வயது.

ஜப்பான்காரன் காலம். மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்குதான். அம்மாவின் தம்பியான மாமா, கிழங்கைக் கொடுத்து உப்பு வாங்கிவரக் கூலிம் பட்டணத்துக்குக் கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். வழியில் பாலத்து முனையில் ஜப்பானியச் சிப்பாய் துப்பாக்கியோடு நிற்பான். கடந்து போகிறவர்கள் நின்று, இடுப்பு வளையக் குனிந்து வணங்க வேண்டும். தவறினால் அறைதான். இது தோட்டத்துக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

நல்ல வெயில். சிப்பாய் இடப்பக்கம் நின்றான். நான் குனிந்து நிமிர்ந்தால், மாமா பாட்டுக்கு நேரே போய்க்கொண்டிருக்கிறார்! சிப்பாய் பாய்ந்து வந்து விட்ட அறையில் மாமா சுருண்டு விழுந்தார். கிழங்கெல்லாம் சாலையில் உருண்டது. எழுந்தவர் என் தோளைத் தடவிப் பிடித்து, “எந்தப் பக்கம் நிக்கிறான், பாப்பா?” என்று முணுமுணுத்தார். நான் சொல்வதற்குள் மாமா சிப்பாய்க்கு முதுகைக் காட்டி, சாலையோரத் தந்திக் கம்பத்தைப் பார்த்துப் பயபக்தியோடு குனிந்து வணங்கினார்.

துப்பாக்கிக் கட்டை அவர் முதுகில் இறங்கிய சத்தத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கொன்றுவிடுவான் என்றே நினைத்தேன். ஏனோ விட்டுவிட்டான்.

லயத்துக்கு வந்து நான் அளந்த கதையில், மாமா வேண்டுமென்றே சிப்பாயைக் கிண்டல் செய்திருந்தார்.

“சிங்கம்லா உன் மாமா!” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். மாமா மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டார்.

என் அக்காவை அவருக்குத்தான் முறைப்படி பேசி வைத்திருந்தார்கள். “ரப்பர் பால் வாளியில இடறி விழுற ஆளை யாரு கட்டுவா?” என்று அதுவரை முரண்டு பிடித்தவள், கதையைக் கேட்டதும் மனம் மாறிவிட்டாள். “கட்டுனா மாமாவத்தான் கட்டுவேன்” என்றாள். அடுத்த மாதமே தாலி ஏறியது.

பல வருஷம் கழித்து நான் கண் டாக்டர் ஆனேன். அக்கா தன் மூத்த மகனை அழைத்து வந்தாள். பக்கவாட்டில் வரும் பந்து அவனுக்குத் தெரிவதில்லையாம். கருவி வழியாகப் பார்த்தேன். விழித்திரையின் ஓரமெல்லாம் கருந்திட்டுகள். பக்கப் பார்வை போய், நடுவில் மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பது போல் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. குடும்ப வழியாக வரும் நோய். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தால் பிள்ளைகளைப் பிடிக்க அதற்கு வழி கிடைத்துவிடும்.

கருவியிலிருந்து கண்ணை எடுத்தேன். பாலத்தில் மாமாவுக்கு அந்தச் சிப்பாய் தெரியவே இல்லை. கண் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதரைத்தான் நான் சிங்கமாக்கி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். எட்டு வயதில் எனக்கு என்ன தெரியும்? பிறகு நான் செய்த ஆராய்ச்சி எல்லாம் அந்த ஒரு நோயைப் பற்றித்தான்.

அன்று பரிசோதனை அறைக் கதவைத் திறந்தேன். வெளியே அக்கா, கடைசி மகனை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து அவனைக் காட்டுவதற்காக உட்கார்ந்திருந்தாள்.