டெக் என்றால் டெக்தானே?

என் அக்காவின் கணவர் பஸ் டிரைவர். ஒரு வெங்காயத்தைக்கூட நாலு தரம் புரட்டிப் பார்க்காமல் கூடையில் போடமாட்டார். அப்படிப்பட்ட அத்தான் வீடியோ டெக் வாங்கக் கிளம்பினால் கேட்க வேண்டுமா?

காரணம் நியாயமானதுதான். மகள் கலந்துகொண்ட பள்ளி வினாடி வினாவை சனிக்கிழமை நான்கு மணிக்கு டிவியில் காட்டப்போகிறார்கள், ஒரே ஒரு தடவை. அத்தானுக்கு அன்று டியூட்டி. பிள்ளை மேடையேறிய ஒரு நாளும் அவர் பார்த்ததில்லை. இதையாவது பதிந்து வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தார்.

ஒரு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினோம். துணைக்கு நான், என் தலையெழுத்து. டெக்கைத் தூக்கிப் பார்த்தார், மூடியில் காதை வைத்துக் கேட்டார், வாசலுக்கு வெளியே நின்று ரிமோட்டை அமுக்கினார். கடைக்காரர்கள் நொந்து நூலாகிவிட்டார்கள். கடைசியில், 'இன்ஜின் சத்தம்' குறைவு என்று ஒரு கறுப்புப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார். எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

சனிக்கிழமை மூன்றே முக்காலுக்குப் புதுக் கேசட்டைப் போட்டுவிட்டு, பதிவு செய்யும் பொத்தானைத் தேடினேன். பெட்டியிலும் இல்லை, ரிமோட்டிலும் இல்லை. பதறிப்போய்க் கடைக்கு போன் போட்டேன்.

"நீங்க டெக்குன்னுதானே கேட்டீங்க?" என்றார் கடைக்காரர். "இது படம் போட்டுப் பாக்குற டெக்கும்மா. பதியணும்னா வேற மாடல்."

படம் காட்டுவதும் டெக், பதிவதும் டெக். ஊர்ப்பட்ட கேள்வி கேட்ட நாங்கள் இதை மட்டும் கேட்கவில்லை. கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். திட்ட வேண்டியது என்னைத்தான். அதற்குள் நிகழ்ச்சி வந்தது, முடிந்தும் போனது.

ஆறு மணிக்கு அத்தான் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்து, போடச் சொன்னார். அக்கா அடுப்படிக்கு நழுவிவிட்டாள். நான்தான் சொன்னேன். அவர் டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மகள் எழுந்துபோய் டிவியை மறைத்து நின்றாள். குரலைக் கட்டையாக்கிக் கேள்வி கேட்டாள், அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பதில் சொன்னாள், கையும் அவளே தட்டிக்கொண்டாள். தப்பாகச் சொன்ன பதிலைக்கூட விடவில்லை.

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மூணாவது கேள்வி சரியாக் கேக்கல. கொஞ்சம் திருப்பிப் போடு."

அவள் பின்பக்கமாகவே நாலடி நடந்துபோய், மறுபடி ஆரம்பித்தாள்.