சுவர்ப்பக்கம் திரும்பி நின்றவள்

விமானம் ஓட்டுபவர்களுக்கு வருடா வருடம் உடற்தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதைக் கொடுக்கும் டாக்டரிடம் பெண்கள் பரிசோதனைக்கு வந்தால், அறையில் துணைக்கு இன்னொரு பெண் நிற்கவேண்டும் என்பது விதி. ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த இவளைக் கூப்பிட்டு அந்த வேலைக்கு நிறுத்தினார்கள். பதினோரு வருடம் ஓடிவிட்டது. அங்கே எல்லோருக்கும் அவள் 'துணையக்கா'.

பைலட்டுகள், விமானப் பணிப்பெண்கள் என்று எத்தனையோ பேர் அந்த அறையில் சட்டைப் பொத்தானைக் கழற்றியிருக்கிறார்கள். ஒருத்தியையாவது அவள் பார்த்திருப்பாள் என்கிறீர்களா? சத்தியமாக இல்லை! பொத்தானுக்குக் கை போனதுமே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். பாவம், கூச்சப்படுமே பிள்ளைகள் என்றுதான். அங்கே மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரிப் பொடி எழுத்துவரைக்கும் அவளுக்கு மனப்பாடம். எல்லாம் முடிந்ததும், 'முழு நேரமும் உடனிருந்து பார்த்தேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவாள்.

"உங்கள மாதிரி நாகரிகம் தெரிஞ்சவங்க கிடைக்கிறது கஷ்டம்மா" என்று டாக்டர் ஒருமுறை மெச்சினார். அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

போன மாதம் பயிற்சி பைலட் பெண் ஒருத்தி புகார் கொடுத்தாள். ஸ்டெதஸ்கோப் வைக்கிற சாக்கில் டாக்டரின் கை போகக்கூடாத இடத்துக்குப் போனது என்று. டாக்டர் அலட்டிக்கொள்ளவே இல்லை. துணையக்காவின் கையெழுத்தை எடுத்து நீட்டினார். கூட நின்றவளே 'பார்த்தேன்' என்று எழுதிக்கொடுத்திருக்கிறாள், அப்புறம் என்ன? புகார் பொய் என்று முடிவானால் அந்தப் பெண் விமானம் ஓட்டுவதையே மறந்துவிட வேண்டியதுதான்.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் துணையக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடித்து வைத்த துணிகளை உதறி மறுபடி மடித்தாள். வாசலுக்குப் போனாள், உள்ளே வந்தாள்.

மெக்கானிக்காக இருந்த கணவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "கொஞ்சம் உக்காரேன். பாத்தேன், ஒண்ணும் நடக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு. நமக்கெதுக்கு வம்பு?"

"நான்தான் பாக்கவே இல்லையே!"

"அப்ப பாக்கலன்னு சொல்லு."

"சொன்னா வேலை போயிடும். பாக்காமதானே இத்தன வருஷமா கையெழுத்து போட்டிருக்கேன்?"

அவர் எழுந்து, அவள் உதறிப்போட்ட துணியில் ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

அவரிடம் சொல்லாத ஒன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் அட்டையின் நாலாவது வரியைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண், "அக்கா" என்று கூப்பிட்டாள். தணிந்த குரலில், ஒரே ஒரு தடவை. "மூச்சை நல்லா இழும்மா" என்றார் டாக்டர். திரும்பினால் பிள்ளை இன்னும் கூச்சப்படும் என்று இவள் ஐந்தாவது வரிக்குப் போய்விட்டாள். அடிப்பாவி, உன்னை எதுக்குடி அங்கே நிறுத்தி வைத்தார்கள்? நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் விசாரணை அறையில் டாக்டர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் எதிரே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். விசாரிக்க வந்த அதிகாரியும் ஒரு பெண்மணிதான்.

"இது உங்க கையெழுத்துதானே? பாத்தீங்களா?"

"கையெழுத்து என்னோடதுதாங்க. ஆனா பாக்கல. சுவத்தப் பாத்து நின்னேன். இந்தப் பொண்ணு அக்கான்னு கூப்பிட்டுச்சு. காதுல விழுந்தும் நான் திரும்பல."

"என்னம்மா உளர்றீங்க?" டாக்டரின் கால் கீழே இறங்கியது.

அதிகாரி அவரைக் கையமர்த்திவிட்டுக் குறித்துக்கொண்டார். "சரி, இந்த ஒரு கையெழுத்து செல்லாதுன்னு எழுதிக்கிறேன். நீங்க போகலாம்."

வேலை போனது போனதுதான். எழுந்து போயிருக்கலாம். கால் நகர்ந்தால்தானே!

"இந்த ஒண்ணு மட்டும் இல்லைங்க, மேடம்" என்றாள். "பதினோரு வருஷத்து ரெஜிஸ்டரையும் எடுங்க. ஒருத்தரைக்கூட நான் பாத்ததில்ல. இந்தப் பொண்ணாவது கூப்பிட்டுச்சு. என் முதுகப் பாத்துட்டு, கூப்பிடாமலே போனவங்க எத்தன பேரோ!"