அன்னபோஸ்ட்டு

வடமதுரைப் பக்கத்து அந்த ஊரில் சோலைமலையைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது, 'பிரசிடெண்டு'தான். எழுபதாம் வருஷத்தில் அன்னபோஸ்ட்டாக, அதாவது எதிர்த்து நிற்க ஆளே இல்லாமல், பஞ்சாயத்துத் தலைவரானவர். எண்பத்தாறில் மறுபடி தேர்தல் வந்தபோதும் ஊர் கூடி அதையே முடிவு செய்தது. அன்னபோஸ்ட்டு என்றால் ஊருக்கு என்னமோ கிரீடம் வைத்த மாதிரி ஒரு பூரிப்பு!

கீழத்தெரு முத்துப்பேச்சிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். சம்பங்கிப் பூ விற்றுப் பிழைக்கிறவள். தெருவுக்கும் ஊருக்கும் நடுவே ஓடை. மழைக்காலத்தில் பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்க வேண்டும். இல்லையென்றால் பூ வீட்டிலேயே அழுகும். போன ஐப்பசியில் கூடையோடு வழுக்கி விழுந்தாள். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். பாலம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். பேசாமல் போய் வேட்புமனுவைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஊர்ப் பெரியவர்கள் அக்கரையில் நின்றே கத்தினார்கள். "ஏத்தா, வாபஸ் வாங்கிரு. அன்னபோஸ்ட்டுன்னா ஊருக்கு எம்புட்டு மரியாதை தெரியுமா?"

"தெரியும்யா. எங்க தெருவுல கால வைக்காமயே செயிக்கிறதுக்குப் பேருதேன் அன்னபோஸ்ட்டு!"

அவள் புருஷன் அய்யனார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "ஊரைப் பகைச்சுக்கிட்டு எங்கிட்டுப் போயிப் பொழைக்கிறது?" அவளுக்கும் பயம்தான். ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை.

போட்டி என்று ஆனபின் ஓட்டுக் கேட்காமல் முடியுமா? ஒரு நாள் காலையில் சோலைமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினார். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. வீடு வீடாகக் கும்பிட்டபடி வந்தவர், முத்துப்பேச்சி வாசலைத் தாண்டிப்போகக் கூச்சப்பட்டு நின்றுவிட்டார்.

அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "காலக் கழுவுங்கய்யா. நாங்க தெனமும் இதுலதேன் வாரோம், போறோம்."

அவர் தலை நிமிராமல் காலையே கழுவிக்கொண்டிருந்தார். பிறகு, "மழைக்கு முந்தி பாலம் வந்துரும் ஆத்தா" என்றார்.

முத்துப்பேச்சி தோற்றுப்போனாள். கீழத்தெருவே சோலைமலைக்குத்தான் போட்டிருந்தது. 'வாசல் தேடி வந்து கேட்டாருல்ல' என்றார்கள். அன்றைக்கு அவள் அழுதாள். மறைக்க என்ன இருக்கிறது?

சொன்னபடி ஐப்பசிக்கு முன்பே பாலம் வந்துவிட்டது. திறந்த அன்று பெரியவர்கள் அதன்மேல் நின்றுகொண்டு, "அடுத்த தடவையாச்சும் அன்னபோஸ்ட்டா முடிச்சுரணும்ப்பா" என்று பேச்சை எடுத்தார்கள்.

பூக்கூடையோடு அந்தப் பக்கம் வந்த முத்துப்பேச்சி கூடையை இறக்கிப் பாலத்துச் சுவரில் வைத்தாள்.

"அடுத்த தடவையும் நான் நிப்பேன்யா. தெருவுக்கு இன்னும் லைட்டு வரல."