பாவாயி வாங்கிய இரண்டாவது இஸ்திரிப் பெட்டி

பாவாயிக்குக் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே முந்தானை நூலைப் பிரிப்பாள், முறுக்குவாள், மறுபடியும் பிரிப்பாள். அந்தக் கை இடக்கை என்பதுதான் அவளுடைய தொல்லை.

பிறந்த வீட்டில் அடி வாங்கி வாங்கியே, சாப்பிடவும் பிறருக்குக் கொடுக்கவும் வலக்கையைப் பழக்கிக்கொண்டாள். மற்ற வேலைகளுக்கெல்லாம் இடக்கைதான். 1938இல் ஆட்டையாம்பட்டியில் ரவிக்கை தைக்க உட்கார்ந்தபோது அது யார் கண்ணிலும் படவில்லை. கொழுந்தன் மலைத்தோட்ட வேலைக்குப் போகையில் விட்டுச்சென்ற கை மெஷின் அது. வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கை துணியைத் தள்ளும். எல்லாத் தையற்காரர்களும் அப்படித்தான் தைப்பார்கள். தையல் இவ்வளவு நேராக ஓடுகிறதே என்று மெச்சியவர்கள் யாருக்கும் காரணம் தெரியாது.

தைத்த துணியைப் பித்தளைச் சொம்பில் தணல் போட்டுத் தேய்ப்பாள். அதைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வாள். கல்யாணத் துணியில் பீச்சாங்கை பட்டது என்று தெரிந்தால் அப்புறம் அவளிடம் யார் துணி கொடுப்பார்கள்? எங்கள் பக்கத்து ஜனங்களை எனக்குத் தெரியும். அதே கை களையெடுத்த சோளத்தை வயிறு நிறையத் தின்பார்கள். ரவிக்கை என்றால் மட்டும் ஆகாது.

தை மாதத்தில் பண்ணையத்துப் பெருமாயி, மகளுடைய முகூர்த்த ரவிக்கைக்குச் சிவப்புப் பட்டுத்துண்டு கொண்டுவந்தார். பெருமாயி தம் ஆயுளில் ரவிக்கை போட்டவரில்லை. ஆனால் ரவிக்கையைப் பற்றி அவருக்குத் தெரியாத சட்டம் இல்லை.

"மூத்தவளுது இஸ்திரி போடறப்பக் கருகிப்போச்சு பாவாயி. அபசகுனம்னு சம்பந்தி ஊட்டுல இன்னும் பேசறாங்க. இந்தத் துண்ட உட்டா வேற துணி இல்ல. சொம்பெல்லாம் வேண்டாம், நல்ல பொட்டியா ஒண்ணு வாங்கு. நீ போடறப்ப நான் பக்கத்துலயே நிப்பேன்."

"சரிங்க ஆத்தா" என்று வாய் சொல்லிவிட்டது. அன்று ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டாள். சொம்பை வலக்கையில் பிடித்துப் பழைய துணிகளில் தேய்த்துப் பார்த்தாள். ஓரிடத்தில் படிந்தது, ஓரிடத்தில் சுருங்கியது. துணி கருகினாலும் பிழைப்புப் போகும், கை தெரிந்தாலும் போகும்.

மறுநாளே பஸ் ஏறிச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனாள். கடைக்காரர் வெங்கடாசலம் ஏழெட்டுப் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடிப்பாகத்தை உள்ளங்கையால் தடவினாள். மேசைக் கண்ணாடியின் மேல் வைத்து, அடியில் வெளிச்சம் புகுகிறதா என்று குனிந்து பார்த்தாள். பொறி தெறிக்க இடுக்கு இருக்கிறதா என்று மூடியை ஆட்டிப் பார்த்தாள். பதினாலு ராத்தல் எடையுள்ள பெட்டி ஒன்று எல்லாவற்றிலும் தேறியது. வலக்கையால் தூக்கினாள்; மணிக்கட்டு மடங்கியது. இடக்கை பரபரத்தது. வெங்கடாசலம் பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"இவ்வளவு கனம் ஆவாதுங்க. அந்தச் சின்னதக் குடுங்க."

"அதுல தையல் படியாதேம்மா."

"பரவால்லீங்க."

ஊர் வந்து சேரும்வரை பெட்டியைத் தொடை மாற்றித் தொடை மாற்றி வைத்துக்கொண்டு தன்னையே திட்டிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு பெருமாயி வந்து தோளோடு தோளாக நின்றார். பாவாயி பட்டின்மேல் ஈரத்துணி விரித்து, வலக்கையால் பெட்டியை வைத்தாள். கனம் போதாமல் தையல் எழும்பியே நின்றது. படியட்டும் என்று ஒரு நொடி கூடுதலாக அழுத்தினாள். கை நகரவில்லை. தீய்ந்த வாசனை வந்தது.

"ஐயோ!" என்றார் பெருமாயி.

வெடுக்கென்று தூக்கினாள். ஈரத்துணி பழுப்பாகியிருந்தது, அடியில் பட்டு தப்பித்திருந்தது. இன்னொரு தடவை தப்பாது. பெட்டியை இடக்கைக்கு மாற்றினாள்.

"என்ன பாவாயி இது? பீச்சாங்கையிலயா?"

"ஆமாங்க ஆத்தா. என்ற சோத்தாங்கை கருக்கிப்போடுமுங்க. இது கருக்காதுங்க."

பெருமாயி பட்டைப் பார்த்தார், பழுப்புத்துணியைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கறேன். நீ போட்டு முடி. குடுக்கறப்ப மட்டும் சோத்தாங்கையில குடு."

உடம்பின் பாரத்தையெல்லாம் இடக்கையில் இறக்கி, நாலே இழுப்பில் முடித்தாள். தையல் இருக்குமிடம் தெரியாமல் படிந்தது. வலக்கையால் நீட்டினாள். பெருமாயி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். பாவாயிக்குப் போன உயிர் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. பெருமாயி வெளியே மூச்சு விடவில்லை. உறவுக்காரர்களின் கல்யாணத் துணிகளையும் அனுப்பிவைத்தார். நல்ல மனுஷிதான். ஆனால் திருப்பிக் காட்டிய அந்த முதுகு பாவாயியை நிம்மதியாக இருக்கவிடவில்லை. மெஷினில் உட்காருவாள், எழுந்திருப்பாள், வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்ப்பாள். அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது.

பங்குனியில் சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனாள். அதைக் கொடுத்துவிட்டுப் பதினாலு ராத்தல் பெட்டியைக் கேட்டாள். வெங்கடாசலம் எடுத்து வைத்தார். பாவாயி இடக்கையால் அதைத் தூக்கி, காற்றில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தாள். கைக்கு அப்படியே அடங்கியது. வெங்கடாசலம் மரியாதையாகத் தெருப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அங்க என்னங்க பாக்கறீங்க?" என்றாள் பாவாயி. "இங்க பாருங்க. பிடி இந்தக் கைக்குச் சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் திரும்பிப் பார்த்துச் சொல்லும்வரை அவள் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.