மெஷின் நடந்த வாரம்

பேக்கரியில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். வீட்டிலும் மாஸ்டர்தான், மனைவிக்குக் கோபம் வந்தால் மட்டும் "ஏங்க" ஆகிவிடுவார். மாரடைப்பு வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துத் திரும்பியபின் அவருக்கு ஒரே கவலை: மறுபடி மாவு பிசைய விடுவார்களா, இல்லை கல்லாவில் உட்காரவைத்து விடுவார்களா?

மைத்துனன் முந்திக்கொண்டு கல்லா நாற்காலிக்கு மெத்தை வாங்கிவிட்டான்.

"ராஜா மாதிரி உக்காருங்க மாமா. சில்லறை குடுத்தா போதும்."

"உக்கார்றதுக்காடா என்னைப் பொழைக்க வச்சாங்க?"

ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகளின் உடற்பயிற்சியைக் கவனிக்கும் பெண் அவர் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையை மாட்டினாள். கடிகாரம் போலிருந்தது; மணி காட்டவில்லை.

"ஒரு வாரம் கழட்டாதீங்க சார், குளிக்கும்போதுகூட. நீங்க எவ்வளவு அசையறீங்கன்னு இது குறிச்சுக்கும். அதைப் பாத்துட்டுத்தான் வேலையைப் பத்தி டாக்டர் சொல்வாரு."

தினமும் மாலையில் அவர் பாலத்தை நோக்கி நடந்தார். முதல் நாள் பாதி வழியில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாரக் கடைசியில் அக்கரையில் போய் நின்றார். காலையில் பேக்கரியில் பன் உருட்டினார்; அந்த அளவுக்கு அனுமதி இருந்தது.

வாரம் முடிந்ததும் அந்தப் பெண் பட்டையைக் கணினியில் செருகினாள். திரையில் கோடுகள் எழும்பின. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"காலையில ஓடறீங்களா சார்?"

"நானா?"

"மணிக்கணக்கா நிக்காம! டாக்டர் அசந்து போயிடுவாரு. இன்னைக்கே வேலைக்கு அனுப்பிடுவாரு."

"எங்கிட்டகூட மூச்சு விடல பாரு!" என்று கூட வந்திருந்த மனைவி பூரித்துப்போனாள்.

மாஸ்டர் திரையைப் பார்த்தார். காலைக் கோடுகள் சீப்பின் பற்களைப் போல ஒரே உயரம். எந்த மனுஷன் இப்படி அசைவான்? அப்போதுதான் உறைத்தது. மாவில் கை வைக்குமுன் கையில் இருப்பதைக் கழற்றிவிடுவது வேலை பழகிய நாளிலிருந்து வந்த வழக்கம். கை தன்பாட்டுக்குக் கழற்றும். புத்திக்குச் சேதி போகாது. கழற்றியதை மாவு பிசையும் மெஷினின் கைப்பிடியில் மாட்டுவார். அது ஓடினால் தரையே அதிரும்.

வாயைத் திறக்காமல் இருந்தால் நாளைக்கே மாவு மேசை. மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தனின் உழைப்புக்கு மாலை வாங்கியது போல அவருக்குக் கழுத்து கூசியது.

"அம்மா, அது நான் இல்ல. மெஷின்."

நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க!" என்றாள் மனைவி.

"மெஷினுக்கு இதயம் நல்லா இருக்குன்னு எழுதிக்குங்க. சாயங்காலத்தைப் பாருங்கம்மா. சின்னதா ஏதாவது தெரியுதா?"

அவள் தேடினாள். ஓரத்தில் சின்னச் சின்ன மேடுகள். மறுநாள் மேடு முந்தையதைவிடக் கொஞ்சம் அகலம். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம்.

"அதுதான் நான்" என்றார் மாஸ்டர், பள்ளிக்கூட வாசலில் தன் பிள்ளையைக் காட்டுகிறவர் போல.

அடுத்த வாரத்துக்கு அந்தப் பெண் பட்டையை இடுப்பில், சட்டைக்கு உள்ளே கட்டி அனுப்பினாள். இந்த முறை சீப்பு இல்லை, மேடுகள் வளர்ந்திருந்தன. டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அரை நாள் வேலை செய்யலாம். கையால பிசையலாம். மூட்டை தூக்கக் கூடாது."

மறுநாள் காலை மாவு மேசைக்கு முன்னால் மைத்துனன் வழிமறித்து நின்றான்.

"மெஷின் நடந்தப்போ இதைவிடப் பிரமாதமா இருந்துச்சாமே மாமா?"

"சுவிட்சைப் போட்டா அது ஓடும்டா மாப்ளே. இது நான் நடந்தது. நகரு."

மைத்துனன் நகர்ந்தான். மாஸ்டர் மணிக்கட்டு வரை மாவுக்குள் கையை இறக்கினார்.